ஆளை நகர்த்துவதா, இடத்தைத் திருத்துவதா?

(கொல்கத்தா நியூ டவுனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்களப் பணியாளர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். நர்ஸ்கள், இளம் மருத்துவர்கள், வீடு வீடாகச் செல்லும் ஆஷா சுகாதார ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். இவர்களில் ஆணுக்கு வருகிற உடல்நலக் கேடு வேறு, பெண்ணுக்கு வருவது வேறு. வேறுபாடு உண்டு என்பதில் யாருக்கும் சண்டையில்லை. தெரிந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. இன்றைக்குப் பேசப்போவது அதைத்தான்.

இந்த மண்டபத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி. 2024 ஆகஸ்ட் 9 அன்று அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர் ஒருவர், கொஞ்சம் கண்ணயர இடம் தேடிக் கருத்தரங்க அறைக்குப் போனார். அங்கே வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் இந்த நகரத்துப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். அடுத்த மாதம் இளம் மருத்துவர்கள் நம் பக்கத்துச் செக்டர் ஐந்தில், மாநிலச் சுகாதாரத் துறைத் தலைமையகமான சுவாஸ்த்ய பவன் வாசலில், மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையே ஆகஸ்ட் 17 அன்று மாநில அரசு 'ராத்திரேர் சாத்தி' என்றொரு திட்டத்தை அறிவித்தது. இரவின் துணைவர் என்று பொருள். பெண்களுக்குக் கழிப்பறையோடு கூடிய ஓய்வறை, கண்காணிப்புக் கேமராக்கள் உள்ள பாதுகாப்புப் பகுதிகள், காவல் நிலையத்தோடு இணைந்த கைப்பேசிச் செயலி என்று அதில் நல்ல விஷயங்கள் இருந்தன. கூடவே இரண்டு வரிகளும் இருந்தன. பெண் மருத்துவர்களின் வேலை நேரம் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மணியைத் தாண்டக் கூடாது. முடிந்த இடத்தில் எல்லாம் பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்க வேண்டும்.

செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில், அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டது. பெண் இரவில் வேலை பார்க்கக் கூடாது என்று எப்படிச் சொல்வீர்கள், பாதுகாப்புத் தருவதுதானே உங்கள் வேலை என்று கேட்டது. நேர வரம்பு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் எல்லா மருத்துவர்களுக்கும் இருக்கட்டும் என்றது. அரசு அந்த வரிகளைத் திருத்த ஒப்புக்கொண்டது.

கூரை ஒழுகும்போது ஓட்டை மாற்றாமல் கட்டிலை நகர்த்திப் போடுகிற வேலை இது. மேற்கு வங்க அரசை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. இந்தப் பழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்த ஊர்ப் பெண் ஒருவரோடு சேர்ந்தது.

காதம்பினி கங்குலி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். 1886இல் படித்து முடித்துத் தொழில் செய்யத் தொடங்கினார். நோயாளி வீடுகளுக்குக் குதிரை வண்டியில் போவார், போகிற வழியில் லேஸ் பின்னிக்கொண்டிருப்பார் என்று சொல்வார்கள். ஒரு நிமிடத்தையும் வீணாக்காத பெண். இப்படி வெளியே போய்வருகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று 'பங்கபாசி' பத்திரிகை 1891இல் ஜாடையாக அவதூறு எழுதியது. அவர் வழக்குப் போட்டார், வென்றார். பத்திரிகை ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறையும் கிடைத்தன. அந்தக் காலத்தில் அப்படியொரு தீர்ப்பு! எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு இதையும் செய்தார்.

அவரது கடைசிக் காலத்து வேலை ஒன்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1922இல், அறுபது வயதில், கவிஞர் காமினி ராயோடு பிகார்-ஒரிசா நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், அங்கே வேலை செய்த பெண்களின் நிலைமையை அரசுக்காக விசாரித்தார். அடுத்த வருடமே காலமானார்.

ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் அன்றைக்குக் குடும்பமாகத்தான் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். ஆண் வெட்டுவான், பெண் கூடையில் அள்ளிச் சுமந்து தொட்டியில் கொட்டுவாள். பெண்ணை அங்கே 'காமின்' என்பார்கள். சுரங்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். கைக்குழந்தையோடு இறங்கியவர்களும் உண்டு. காற்றோட்டம் இல்லாத இருட்டு, நிலக்கரித் தூசு, எப்போது இடியும் என்று தெரியாத கூரை. பார்க்கிறவர்கள் மனம் பதறாமல் இருந்திருக்காது.

பதறிய மனங்கள் என்ன தீர்வு கண்டன? 1929இல் விதி வந்தது: பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து படிப்படியாக விலக்க வேண்டும். 1937க்குள் முழுவதுமாக விலக்கிவிட்டார்கள். குடும்பத்தின் இரண்டு கூலியில் ஒன்று போயிற்று. சுரங்கத்தின் காற்றும் கூரையும் பெண்கள் வெளியேறியதால் மேம்பட்டுவிடவில்லை. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது, நிலக்கரி போதவில்லை. 1943இல் தடையை நீக்கிப் பெண்களை மறுபடி உள்ளே இறக்கினார்கள். போர் முடிந்தது, 1946இல் மறுபடி வெளியேற்றினார்கள். பெண்ணின் உடல் மென்மையானது என்ற மருத்துவ அக்கறை, தடை நீங்கியிருந்த அந்த வருடங்களில் எங்கே போயிருந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பெண்கள் இல்லாத அந்தச் சுரங்கங்களில் ஒன்றான சாஸ்னாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று வெள்ளம் புகுந்தது. 370க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையே தவிர வேறு நேரத்தில் ஆலையில் பெண்ணுக்கு வேலை கிடையாது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று அடித்துவிட்டது. கூடவே, போக்குவரத்து வசதி, ஓய்வறை, கழிப்பறை, தனித்து விடாமல் குழுவாக வேலை என்று நிபந்தனைகளும் போட்டது. நல்ல தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லிச் சின்னப் பெண்களை விடுதியில் அடைத்துவைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண்கள் இரவு ஷிப்டும் பார்த்தார்கள். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தீர்ப்பின் முதல் பாதியை ஆலைகள் எடுத்துக்கொண்டன, நிபந்தனைகள் இருந்த பாதி காகிதத்தில் கிடந்தது.

இனி மருத்துவமனைக்கு வருவோம். கொரோனாவின் முதல் மாதங்களில் உலகெங்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு வந்த தொற்றையும் மரணத்தையும் தொகுத்து 2020இல் ஒரு ஆய்வு வெளியாயிற்று. மே 8 வரை கிடைத்த கணக்கு அது. பாலின விவரம் தெரிந்தவர்களில், தொற்று கண்டவர்களில் 71.6 சதவீதம் பெண்கள். இறந்தவர்களில் 70.8 சதவீதம் ஆண்கள். ஏறக்குறைய கண்ணாடிப் பிம்பம் போலத் தலைகீழாக இருக்கிற இந்த இரண்டு எண்களைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

காரணம் தேடினால் உடலும் வருகிறது, வேலைப் பிரிவினையும் வருகிறது. ஒரே தொற்று வந்தாலும் ஆண்கள் அதிகம் இறந்தார்கள், அது பெரும்பாலான நாடுகளில் கண்டது. இறந்தவர்களில் பாதிப்பேர் மருத்துவர்கள். தொற்று அதிகம் கண்டதோ நர்ஸ்களிடம். மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போவார். நோயாளிக்கு ஊசி போட, உடம்பு துடைக்க, புரட்டிப் படுக்கவைக்க, சளி உறிஞ்ச, கூட நிற்பவர் நர்ஸ். உலகச் சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள் என்றும், உயர் பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம்தான் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு முகக்கவசம் எந்த அளவில் வாங்க வேண்டும் என்பதை, கட்டிலுக்குத் தொலைவில் இருக்கிறவர் முடிவு செய்கிறார்.

பிபிஇ கிட் போட்டவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ, கழற்றினால் அந்த கிட் வீணாகிவிடும் என்று தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் இருந்தீர்கள். மாதவிலக்கு நாளில் அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. தோளில் தொங்கும் அங்கியும் கன்னத்தோடு ஒட்டாத முகக்கவசமும் பெரிய ஆண் உடம்புக்கு அளவெடுத்தவை. சிறுநீர்த் தொற்று வந்த நர்ஸுக்கு அது தொழில்சார் நோய் என்று யாராவது எழுதித் தந்தார்களா? வார்டில் பிடித்த கொரோனா வேலையால் வந்தது என்று கணக்கானது. வார்டில் அடக்கியதால் வந்த தொற்று அவரது சொந்த உடம்புக் கோளாறாகப் போயிற்று.

2020 மே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட நர்ஸ்கள் வேலையை விட்டு ஊருக்குப் போனார்கள். மணிப்பூர்க்காரர்கள் மட்டும் 185 பேர். நோய் பயம் ஒரு காரணம். தெருவில் ஒதுக்கியது, வடகிழக்கு முகத்தைப் பார்த்து ஏசியது, சம்பளப் பிரச்சினை எல்லாம் சேர்ந்துகொண்டன. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஜன்னலில் நின்று கைதட்டினோம். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நியூ டவுன் இன்று புற்றுநோய் சிகிச்சைக்குப் பேர்போன இடம். டாடா மெடிக்கல் சென்டர் 2011இல் வந்தது. சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இரண்டாம் வளாகம், கொரோனா நேரத்தில் தனிமைப்படுத்தும் மையமாக இருந்துவிட்டு, பிறகு தன் வேலைக்கு வந்தது. அஸ்ஸாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிற குடும்பங்களை இந்தத் தெருக்களில் தினமும் பார்க்கிறீர்கள். எந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். கீமோ மருந்துகள் பெருகும் செல்லைக் கொல்பவை. நோயாளியின் செல் எது, மருந்து கலக்கும் நர்ஸின் செல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. குப்பியைத் திறக்கும்போது எழுகிற நுண்துளி, கையுறையில் சிந்திய சொட்டு, நோயாளியின் சிறுநீர் என எல்லா வழியிலும் அது வரும். அப்படிப்பட்ட மருந்துகளைக் கையாண்ட பெண்களிடம் கருச்சிதைவு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

உடனே நமக்குத் தோன்றுவது என்ன? கர்ப்பமான சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றலாம். மாற்றத்தான் வேண்டும், அவர் கேட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஆனால் கர்ப்பம் தெரியவருவதற்குள் ஐந்தாறு வாரம் போயிருக்கும், கருவுக்கு ஆபத்தான நாட்களில் அவையும் சேர்ந்தவை. சிந்திய சிறுநீரைத் துடைக்கிற ஆயா மாசியை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. ஆண் நர்ஸும் அப்பா ஆக வேண்டியவர்தான். காற்றை உறிஞ்சிக்கொள்ளும் மருந்து கலக்கும் பெட்டி, மூடிய குழாய் அமைப்பு, தடித்த கையுறை என்று அறையைச் சரிசெய்தால் எல்லாரும் தப்புவார்கள்.

அறைக்குப் பதில் ஆளை மாற்றிய கதை ஒன்று: அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி கம்பெனி 1982இல் ஒரு விதி போட்டது. ஈயம் கருவைக் கெடுக்கும், ஆகவே பிள்ளை பெறக்கூடிய எந்தப் பெண்ணுக்கும் ஈயம் படுகிற வேலை இல்லை. வழக்குப் போட்டவர்களில் ஒரு பெண், அந்த வேலையை இழக்காமலிருக்கக் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். இன்னொருவர் ஐம்பது வயதானவர். மூன்றாமவர் ஆண். அப்பாவாக விரும்புகிறேன், இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்துக்கொள்ள விடுப்பு வேண்டும் என்று அவர் கேட்டார், கம்பெனி மறுத்தது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் சட்டவிரோதம் என்றது. ஆண் விந்தையும் ஈயம் கெடுக்கும் என்ற சான்று கம்பெனியின் கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் ஆணின் உடம்பை அந்தக் கோணத்தில் யாரும் பார்க்கவில்லை.

ஆணின் உடம்பைப் பார்க்காமலிருப்பது என்றேன். அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் பாந்தலா தோல் தொழிற்சாலை வளாகம் இருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், கொல்கத்தாவும் சென்னையும் உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கவே கூடாது என்று உத்தரவிட்டது. பிப்ரவரி 2 அன்று பாந்தலாவில் மேன்ஹோலில் மூன்று பேர் இறந்தார்கள். இடையில் மூன்றே நாள். 2013ஆம் வருடச் சட்டம் ஏற்கெனவே தடுத்த வேலைதான் அது. அரசே தருகிற சாக்கடை மரணக் கணக்கில் நம் தமிழ்நாடு பல வருடமாக முன்வரிசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வங்காள நண்பர்களிடம் நியாயமாக இருக்காது.

இறங்குகிறவர் அநேகமாக எப்போதும் ஆண். கூட்டிப் பெருக்குவதும் குப்பை வண்டி தள்ளுவதும் பெரும்பாலும் பெண். இருவரும் ஒரே சாதிகளிலிருந்து வருகிறார்கள். அவளுக்கு இடுப்பு வலி, மூச்சிரைப்பு, விடிகாலை ஐந்து மணியிலிருந்து மதியம் வரை ஒதுங்க இடமில்லாத அவஸ்தை. இவை மெல்லக் கொல்கிற விஷயங்கள், செய்தியாகாது. அவனுக்கு ஒரே மூச்சில் மரணம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு முதலில் மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்பதற்குள் விழுந்துவிடுவான். தூக்க இறங்கியவனும் விழுவான். பெண்ணுக்கு ஆபத்து என்றால் பெண்ணை விலக்குகிறோம். ஆணுக்கு ஆபத்து என்றால் ஆம்பளை தாங்குவான் என்று விட்டுவிடுகிறோம். எனக்குத் தெரிந்தவரை எந்த நகராட்சியும், இது ஆண் உடம்புக்கு ஏற்ற வேலையில்லை என்று சொல்லி ஆண்களைத் தடுத்ததில்லை.

மருத்துவமனை வன்முறையிலும் இந்த இரட்டைப் பார்வைதான். 2019 ஜூனில் சியால்டா பக்கத்து என்.ஆர்.எஸ். மருத்துவமனையில் கும்பல் தாக்கி மண்டை உடைந்தது ஒரு ஆண் பயிற்சி மருத்துவருக்கு. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பட்டப்பகலில், நோயாளியின் மகன் கத்தியால் குத்தியது ஒரு ஆண் புற்றுநோய் மருத்துவரை. கேசுவால்ட்டியில் கூட்டமாக வருகிற கோபத்தை ஆண், பெண் இருவரும் சந்திக்கிறார்கள். ஆளில்லாத நடைபாதையில் தனியாக வருகிற ஆபத்து பெரும்பாலும் பெண்ணுக்கு.

ஆர்.ஜி.கர் சம்பவத்துக்குப் பிறகு இந்திய மருத்துவச் சங்கம் ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தது. 3,885 மருத்துவர்கள் பதில் சொன்னார்கள், பெரும்பான்மையோர் பெண்கள். மூன்றில் ஒருவர் இரவுப் பணியில் பாதுகாப்பாக உணரவில்லை என்றார். இது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்திய எண் வேறு: 45 சதவீதம் பேருக்கு இரவில் டூட்டி ரூமே இல்லை. இருக்கிற அறைகளிலும் பாதிக்கு மேல் வார்டிலிருந்தும் கேசுவால்ட்டியிலிருந்தும் தள்ளி இருந்தன. பாத்ரூம் இல்லாத அறைகளும் நிறைய. தாழ்ப்பாள் போடும் ஓர் அறை, அதற்குள் ஒரு பாத்ரூம், வார்டுக்குப் பக்கத்தில். கேட்டால் இவ்வளவுதான். உறைவிட மருத்துவர்களின் தொடர் வேலை நேரம் சாதாரணமாகப் பன்னிரண்டு மணியைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே சொல்லியிருக்கிறது. முப்பத்தாறு மணி நேர டூட்டி ஆணுக்கும் கேடுதான். களைத்த மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு நோயாளிக்கும் கேடு.

இன்னொரு கூட்டத்தை நாம் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் அவர்களுக்கு மருத்துவமனைக் கட்டடமே கிடையாது. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' எனும் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். வேலையைச் செய்ததற்காக வந்த தாக்குதல் அது. 1997இல் விசாகா தீர்ப்பும் 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டமும் அங்கிருந்துதான் வந்தன. நியூ டவுனின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிற உங்களுக்கு இன்று புகார்க் குழு இருக்கிறதென்றால், அதன் பின்னால் ஒரு கிராமத்து முன்களப் பணியாளர் நிற்கிறார். அந்தச் சட்டம், தன்னார்வமாக வேலை செய்பவரும் ஊழியரே என்கிறது. நாட்டிலுள்ள சுமார் பத்து லட்சம் ஆஷா ஊழியர்களுக்கு இது பொருந்தும். சம்பளம் என்று வரும்போது மட்டும் அவர்கள் தொண்டர்கள், கிடைப்பது ஊக்கத்தொகை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது தந்தது. அங்கன்வாடி ஊழியர்களாவது அதே வருடம் உச்ச நீதிமன்றம் போய்ப் பணிக்கொடை உரிமையை வாங்கிவிட்டார்கள்.

கடைசியாக, இப்போது நடப்பது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பெண்கள் எல்லா வகை நிறுவனங்களிலும் எல்லா வகை வேலையும் செய்யலாம். மாலை ஏழுக்குப் பிறகும் காலை ஆறுக்கு முன்பும் செய்யலாம், அவர்கள் சம்மதித்தால். நூறு வருட வாதத்தில் இது சரியான பக்கம்தான். ஆனால் 'சம்மதித்தால்' என்ற இடத்தில் எனக்குத் தயக்கம். 2015இல் தமிழ்நாட்டில் தேர்வு வாரியம் வழியாக எடுத்த நர்ஸ்களுக்கே தொகுப்பூதியமாக மாதம் 7,700 ரூபாய்தான் கிடைத்தது. அப்படி கான்ட்ராக்டில் இருக்கிற ஒரு பெண்ணிடம் ஹெச்.ஆர். ஒரு தாளை நீட்டினால், கையெழுத்துப் போடாமல் இருக்க அவரால் முடியுமா? விடுதியில் இருந்த நூற்பாலைப் பெண்களும் சம்மதித்தவர்கள்தான், தாளில்.

அதனால் என் யோசனை ஒன்று. இங்கே மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களும் ஐடி கம்பெனிகளில் மேலாளர்களாக இருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். சம்மதத் தாளை இரண்டு பக்கமாக அடியுங்கள். ஒரு பக்கத்தில் ஊழியர் கையெழுத்துப் போடட்டும். மறுபக்கத்தில் நிர்வாகம் போட வேண்டும்: டூட்டி ரூம் எந்த மாடியில், வார்டிலிருந்து எத்தனை அடி தூரம், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பாத்ரூம் இருக்கிறதா, ஷிப்ட் எத்தனை மணி நேரம், வீட்டு வாசல் வரை வண்டி வருமா, கையுறை எந்தெந்த அளவில் ஸ்டாக் இருக்கிறது, கீமோ கலக்கும் பெட்டியைக் கடைசியாகச் சோதித்த தேதி எது. ஆண் ஊழியருக்கும் அதே தாளைக் கொடுங்கள். கட்டடப் பராமரிப்பு கான்ட்ராக்டரிடம் போகும் தாளில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பதிவு எண். அந்த இடம் காலியாக இருந்தால் பில் பாஸ் ஆகக் கூடாது.